வீராசாமிக்கு நான் எழுதின பூர்வீகம்

செஞ்சியில, திண்டிவனம் ரோட்டுல என் உரக்கடை இருக்குது. போர்டுல பெரிய எழுத்துல 'சீதளநாதன் அக்ரோ ஏஜென்சி', அதுக்குக் கீழே சின்ன எழுத்துல 'வரலாற்று ஆய்வாளர்'. அந்தச் சின்ன எழுத்தை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கல. போர்டு எழுத வந்தவன், "சார், கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்குது, இன்னா எழுதட்டும்?"னு கேட்டான். சும்மா விடறதுக்கு மனசு வரல. அன்னையிலேர்ந்து நான் ஆய்வாளர்.

கடையில யூரியா இல்லாத நாள் உண்டு, பொட்டாஷ் இல்லாத நாள் உண்டு, வரலாறு இல்லாத நாள் கிடையாது. பூச்சிமருந்து வாங்க வந்த ஆளுங்க ராஜகிரிக் கோட்டை முற்றுகையை முழுசா கேட்டுட்டுத்தான் போகணும். அதுக்குள்ள அங்க பூச்சி பாதி வயலைத் தின்னிருக்கும். கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறினப்புறம் என்னைப் பிடிக்க ஆளில்ல. அதைக் கட்டினதே நான்தான்ற மாதிரி நடக்கறேன்னு என் பொஞ்சாதி ரத்னம் சொல்றா. பொய்னு மறுக்கறதுக்கு எனக்கு வாய் வரல.

நாங்க சமணக் குடும்பம். எங்க ஆளுங்களை இந்தப் பக்கம் நைனார்னு கூப்பிடுவாங்க. பூர்வீகம் மேல்சித்தாமூர் பக்கம். நெல்லு, மணிலாக்கொட்டை, கடை கண்ணின்னு பிழைக்கிற ஜனம். உயிர் கொல்ல மாட்டோம், பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். ஆனா எங்களுக்கு ஒரு வியாதி இருக்குது. எந்த ஊருக்குப் போனாலும் அங்க கவுந்து கிடக்குற கல்லைப் புரட்டிப் பார்ப்போம். அடியில தீர்த்தங்கரர் இருப்பாரோன்னு ஒரு நப்பாசை. பல ஊர்ல நெசமாவே இருந்திருக்காரு, அதுதான் எங்களைக் கெடுத்துச்சு. மத்தவங்களுக்கு இந்த வியாதி ஜலதோஷம் மாதிரி வந்து போவும். எனக்கு மட்டும் தீரவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் ஒரே பொண்ணு பிரம்மி, செஞ்சியில ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அதே ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார் இராமச்சந்திரன். அந்தப் பையன் ஊரு சங்கோடை. மரக்காணத்துக்கு அந்தாண்ட, கழுவெளின்ற காயலைத் தாண்டி, கடலுக்கும் அந்தக் காயலுக்கும் நடுவுல ஒரு மணல் துண்டு. மீன் பிடிக்கிற ஊரு. ஒரு நாள் காலையில தோசை தின்னுகிட்டே பிரம்மி சொன்னா, "நைனா, நான் இராமச்சந்திரனைத்தான் கட்டிக்கப் போறேன்." ஸ்டெப்பே இல்லாம விடையை மட்டும் எழுதிட்டா. பசங்க அப்படி எழுதினா மார்க்கைக் குறைக்கிறவ.

எனக்கு ஆட்சேபணை இல்ல. காரணத்தைச் சொன்னா சிரிப்பீங்க. என் பேச்சை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேட்ட ஒரே ஆம்பளை அவன்தான். சாயங்காலம் கடைக்கு வந்து உர மூட்டை மேல உக்காந்து, நாயக்கர் காலத்துலேர்ந்து நவாப் காலம் வரைக்கும் கேட்டான். பொண்ணுக்காகத்தான் கேட்டான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்டான்ல?

இடிச்சது எங்க மச்சான் சுதர்சன்கிட்ட. ரத்னத்தோட அண்ணன். மேல்சித்தாமூர்ல நெல் வியாபாரம், எங்க ஜனத்துல பெரிய மனுஷன். அப்பா செத்தப்ப ரத்னத்துக்கு ஏழு வயசு. தன் படிப்பை விட்டுட்டு தங்கச்சியை வளர்த்து, எனக்குக் கட்டிக் கொடுத்தவரு. எனக்குக் கட்டிக் கொடுத்தது தவிர வேற எந்தத் தப்பும் அவரு பண்ணினது கிடையாது. அவரு சொன்னாரு, "பையன் நல்லவனாவே இருக்கட்டும் மாப்ள. அவங்க அப்பன் தினமும் உயிரைக் கொன்னு வித்துத்தானே சோறு தின்றாரு. நம்ம வீட்டுப் பொண்ணு அந்த அடுப்புல எப்படி நிப்பா?" ரத்னம் ஒரே வார்த்தையில முடிச்சுட்டா: "அண்ணன் சரின்னா எனக்கும் சரி." பிரம்மி அன்னையிலேர்ந்து வீட்டுல பேச்சைக் குறைச்சுட்டா. சாப்பாட்டையும் குறைச்சுட்டா. ரத்னம் ராத்திரியில அவ கதவுகிட்ட போய் நின்னு நின்னு திரும்பி வருவா.

அந்த நேரம் பார்த்து இராமச்சந்திரன் கடைக்கு வந்தான். அவங்க ஊர்ல புதுசா மீன் இறங்குதளம் திறக்கப் போறாங்களாம், அதுக்கு விழா மலர் போடறாங்களாம். "எங்க ஊரு எப்படி உண்டாச்சு, எப்படி முன்னேறிச்சுன்னு ஒரு கட்டுரை வேணும் சார். அப்பா உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு." அவங்க அப்பா பேரு வீராசாமி. சம்பந்தியா வரணும்னு ஆசைப்படற மனுஷன், என்னை மதிச்சு ஒண்ணு கேக்கறாரு. என் தலையில அந்த நிமிஷம் ஒரு விளக்கு எரிஞ்சுச்சு. எரிஞ்சது வீடுன்னு அப்போ தெரியல.

சங்கோடைக்குப் போனேன். வீராசாமி அறுபது வயசு, கறுத்து, அகலமான தோள், மெதுவாப் பேசற மனுஷன். அவங்க வீட்டம்மா ஆண்டாள், எனக்குப் பால் காய்ச்சறதுக்குன்னு புதுப் பாத்திரம், புது டம்ளர், புது ஸ்டவ்வே வாங்கி வச்சிருந்தாங்க. ஸ்டவ்வுல ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல. அந்த அம்மா மீன் பக்கமே கை வைக்காம காலையிலேர்ந்து உக்காந்திருந்தாங்களாம், நான் வர்றேன்னு.

வீராசாமி என்னைக் கரையோரமா கூட்டிட்டுப் போய் ஊர்க் கதையைச் சொன்னாரு. அவங்க தாத்தா காலத்துல ரோடே கிடையாது. பொம்பளைங்க மீன் கூடையைத் தலையில வச்சுகிட்டு மார்பளவு தண்ணியில கழுவெளியைத் தாண்டி சந்தைக்குப் போவாங்க. பிரசவ வலி எடுத்தா கட்டுமரத்துல படுக்க வச்சுத் தள்ளிகிட்டுப் போவாங்க. ரெண்டு பேரு தண்ணி நடுவுலயே பொறந்திருக்காங்க, அதுல ஒருத்தங்க இவரோட அத்தை. ஒரு பெரிய புயல்ல ஊரு மொத்தமும் மணலுக்குள்ள போச்சு, மணல்மேட்டு மேல திரும்பக் கட்டினாங்க. சுனாமியில மறுபடியும் போச்சு, மறுபடியும் கட்டினாங்க. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துச்சு. ஐஸ் கம்பெனி வந்துச்சு, பாலம் வந்துச்சு, பாலத்து மேல பஸ் வந்துச்சு.

நான் பேனாவை மூடியே வச்சிருந்தேன். "இதெல்லாம் இருக்கட்டும். எந்த ராஜா காலத்துல ஊரு உண்டாச்சு?"ன்னு கேட்டேன்.

"ராஜா யாரும் வரல நைனாரே"ன்னாரு வீராசாமி. "ரேஷன் அரிசியே பாலம் போட்டப்புறம்தான் வந்துச்சு."

ராஜா இல்லாத ஊருக்கு வரலாறு எப்படி எழுதறது? எங்க செஞ்சியில ஒரு பாறைக்கு மூணு ராஜா இருக்காங்க. அதனால நான் கல்லைத் தேட ஆரம்பிச்சேன். காளி கோயிலுக்குப் பின்னால, பனைமரத்தடியில ஒரு கல்லு கிடைச்சுது. உப்புக் காத்துல மூஞ்சி தேஞ்சு, உக்காந்த மாதிரி ஒரு வாட்டம். பொம்பளைங்க அதுல அருவாமணை தீட்டிகிட்டு இருந்தாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அப்புறம் தோண்டித் துருவிக் கேட்டேன். காளி கோயில் காப்பு கட்டினா வீராசாமி வீட்டுல மீன் சாப்பிட மாட்டாங்களாம். எழுதிகிட்டேன். "உங்க குடும்பத்துக்கும் செஞ்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

"எங்க தாத்தா ஒரு தடவை செஞ்சி சந்தைக்குக் கருவாடு எடுத்துகிட்டு வந்தாராம்."

போதும். வீட்டுக்கு வந்து உக்காந்து எழுதினேன். செஞ்சிக்குப் போனவரை செஞ்சியிலேர்ந்து வந்தவரா மாத்தினேன். கருவாட்டைக் கப்பல் சரக்கா மாத்தினேன். காப்புக் கட்டு, சமண விரதத்தோட மிச்சம் ஆச்சு. அருவாமணைக் கல்லு, தீர்த்தங்கரர் ஆச்சு. 'இவ்வூரின் வீராசாமி குடும்பத்தார், செஞ்சியிலிருந்து கடல் வாணிபத்துக்குச் சென்று தங்கிய சமண வணிகர் மரபினர் என்பது என் ஆய்வு முடிவு' அப்படின்னு முடிச்சேன். முடிச்சுட்டு ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை படிக்கறப்ப எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. கேழ்வரகுல நெய் வடியுதுன்னு சொன்னவனே பாத்திரத்தை எடுத்துகிட்டு ஓடின கதைதான்.

கணக்கு இதுதான்: மச்சான் இதைப் படிப்பாரு, அவங்க நம்ம ஆளுங்கதான்னு மனசு இளகுவாரு, கல்யாணம் நடக்கும். சங்கோடைக்காரங்க விழா மலரைப் படம் பார்த்துட்டு அலமாரியில வச்சுடுவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல.

முதல் பாதி அப்படியே நடந்துச்சு. மலர் வந்ததும் ஒண்ணை மேல்சித்தாமூருக்கு அனுப்பினேன். மறுநாளே மச்சான் கடைக்கு வந்துட்டாரு. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. "மாப்ள, இதை ஏன் முன்னாடியே சொல்லல? நம்ம ரத்தம்யா. வழி தவறிப் போன ரத்தம்." ஆராய்ச்சி முடியாம எப்படிச் சொல்றதுன்னு நான் அடக்கமா தலையைக் குனிஞ்சுகிட்டேன். அவரு அதோட நிக்கல. "அவங்களை இங்க கூப்பிடு. எங்க ஊரு சமண மடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், கோட்டையைக் காட்டு, உன் வீட்டுல வச்சு சாப்பாடு. அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்"னு சொல்லிட்டு, அங்கேயே வேன் வச்சிருக்கிற ஃபைஸுக்கு போன் போட்டு வேன் பேசிட்டாரு. வீட்டுல பிரம்மி அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடுதலா தின்னா. ரத்னம் அதைப் பார்த்துகிட்டே நின்னா. எனக்கு என்னை நினைச்சு அவ்ளோ பெருமை. வாழ்க்கையில ஒரு தடவை என் வரலாறு யாருக்கோ உபயோகப்பட்டுச்சுன்னு.

வேன் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இராமச்சந்திரன் கடைக்கு வந்தான். மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. மூட்டை மேல உக்காரல, நின்னுகிட்டே சொன்னான்.

"சார், அப்பா படகு ஒரு வாரமா கடலுக்குப் போகல. ஊர்ல நிறுத்திட்டாங்க."

"ஏன்பா?"

"புது இறங்குதளம் கட்டினதுல கரை பாதியா சுருங்கிடுச்சு. படகு ஏத்தறதுக்கு இடம் பத்தல. யாரைக் கழிச்சு விடலாம்னு எல்லாரும் பார்த்துகிட்டு இருந்தாங்க. அந்த நேரம் உங்க கட்டுரை வந்துச்சு. பூர்வீகக் குடிக்குத்தான் கரையில உரிமை, அது ஊர்க் கட்டுப்பாடு. எங்கப்பா செஞ்சியிலேர்ந்து வந்த வியாபாரி வம்சம்னு அச்சுல போட்டிருக்குதே, அப்போ வந்தேறிதானேன்னு ஒருத்தன் கிளப்பி விட்டான். ஊர்க் கூட்டத்துல, படிச்ச மனுஷன் எழுதினதை எப்படி இல்லைன்றதுன்னு கேட்டாங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி உரக்கடை வச்சிருந்தான்னு யாரும் சொல்லல.

"நாட்டாரும் வேன்ல வர்றாரு சார்"னு சொன்னான். நாட்டார்னா அவங்க ஊர்த் தலைவர், பேரு கன்னியப்பன். "உங்க வாயால கேக்கணுமாம். நெசம்னு சொன்னா அப்பாவுக்குக் கரை போச்சு. பொய்னு சொன்னா…" அதுக்கு மேல அவன் சொல்லல. பொய்னு சொன்னா என் மச்சான் இன்னா சொல்லுவாருன்னு அவனுக்கும் தெரியும்.

"நீ இன்னாப்பா சொல்றே?"ன்னு கேட்டேன்.

"நான் எப்படி சார் சொல்வேன்?"னுட்டுப் போயிட்டான். என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்ல. மூணாவது வழி ஒண்ணைத் தேடினேன். பாதி நெசம்னு சொல்லலாமா? அம்மா வழியில சமணம், அப்பா வழியில மீனவர்னு பிரிச்சுடலாமா? அடுத்த பதிப்புல திருத்தம் வரும்னு சொல்லலாமா? ஒண்ணும் தேறல. காய்ச்சல்னு போர்வையைப் போத்திகிட்டுப் படுத்தேன். ரத்னம் தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்துட்டு, "எழுந்து அவரையை நறுக்குங்க, ஆளுங்க வர நேரம் ஆச்சு"ன்னா.

வேன் வந்துச்சு. வீராசாமி, ஆண்டாள், நாட்டார் கன்னியப்பன், இன்னும் ஊர்ப் பெரியவங்க நாலு பேரு. மச்சான் வாசல்லயே ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சாரு. அவங்க கூச்சத்துல நெளிஞ்சாங்க. மடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, எல்லாரையும் கும்பிட வச்சாரு. மதியத்துக்கு மேல கோட்டை என் பொறுப்பு. அதுல எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ராஜகிரி உச்சி வரைக்கும் ஏத்தி இறக்கிட்டா, களைச்சுப் போய் கேள்வி கேக்க மாட்டாங்க, சாப்பிட்டுத் தூங்கிடுவாங்கன்னு. தினம் படகைத் தோள் கொடுத்து மணல்ல தள்ளறவங்களைப் பத்தி நான் போட்ட கணக்கு அது. பாதிப் படியில நான் உக்காந்துட்டேன். மூச்சு வரல. நாட்டார் கன்னியப்பன் என் கையைப் பிடிச்சு, முதுகுல தட்டிக் கொடுத்து, கிட்டத்தட்ட தூக்கிகிட்டுத்தான் மேல கொண்டு போனாரு. உச்சியில நின்னு எல்லாரும் கிழக்கே பார்த்தாங்க, கடல் தெரியுதான்னு. தெரியல. வெறும் வயலும் பாறையும். "ரொம்ப தூரம்"னு வீராசாமி மெதுவா சொன்னாரு.

வீட்டுக்கு வந்தப்ப வெயில் இறங்கிட்டு இருந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள பந்தி முடியணும்னு ரத்னம் கூடத்துல இலை போட்டு வச்சிருந்தா. வடை, பாயசம், பூசணி சாம்பார், அவரைப் பொரியல். வெத்தலை பாக்குத் தட்டை மச்சான் தானே கொண்டு வந்து நடுவுல வச்சாரு. பிரம்மி அடுப்பங்கரை வாசப்படியில நின்னா. இராமச்சந்திரன் சுவத்தோரமா நின்னான். ரெண்டு பேரும் என்னையே பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன்.

நாட்டார் கன்னியப்பன் உக்காரல. "நைனாரே, இலையில உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு பேச்சை முடிச்சுக்கலாம்"னு சொன்னாரு. நல்ல மனுஷன், குரல்ல கோபமே இல்ல. "எங்க ஊர்ல எழுத்து வாசனை கம்மி. அச்சுல வந்துட்டா நாங்க நம்பிடுவோம். வீராசாமி வீடு வெளியிலேர்ந்து வந்த வியாபாரி வம்சம்னு எழுதி இருக்கீங்க. அது நெசம்னா அவரு படகு எங்க கரையில ஏறக் கூடாது. எனக்கும் வருத்தம்தான், கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். பொய்னா, நாளைக்குக் காலையில நானே வந்து படகைத் தள்ளி விடறேன். எது நெசம்னு சொல்லுங்க."

மச்சானுக்கு இது புதுசு. என்னைப் பார்த்தாரு. "இதுல இன்னா சந்தேகம்? ஆராய்ச்சி பண்ணி எழுதினவரு. சொல்லு மாப்ள. படகு போனா போவுது, அந்தத் தொழில் போறது நல்லதுதானே. நம்ம ஜனத்தோட சேர்ந்துடறாங்க, வேற தொழில் பார்த்துக்கலாம்."

அப்போ வீராசாமி ரெண்டடி முன்னால வந்தாரு. என் முகத்துல இன்னா பார்த்தாரோ தெரியல. கையைக் கூப்பினாரு.

"நெசம்னே சொல்லிடுங்க நைனாரே"ன்னாரு. "புள்ளைங்க நல்லா இருக்கட்டும். எனக்கும் வயசாச்சு. படகை வித்துட்டு பையன்கூட வந்து இருந்துக்கறேன். கரையில நின்னது போதும்."

ஆண்டாளம்மா முந்தானையை வாயில வச்சு அழுத்திகிட்டாங்க. கோட்டை உச்சியில நின்னு அத்தனை நேரம் அவரு கிழக்கே இன்னாத்தைத் தேடினாருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என் பொண்ணு அவரு பையன்கூட வாழறதுக்கு அந்த மனுஷன் தன் கடலையே எடுத்து என் கையில கொடுக்கறாரு. நான் பேப்பர்ல ரெண்டு வரியில பிடுங்கினதை.

"பொய்"னேன்.

வார்த்தை வெளியே வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. தலைக்கு மேல போனப்புறம் சாண் இன்னா, முழம் இன்னா. "நான் எழுதினது மொத்தமும் பொய். அவங்க தாத்தா செஞ்சிக்கு ஒரே ஒரு தடவை வந்தாரு, கருவாடு விக்க. வித்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அவரை நான்தான் இங்கேயே பொறக்க வச்சேன். இவங்க வம்சம் அந்தக் கரையில ரெண்டு தடவை ஊரைத் திரும்பக் கட்டியிருக்குது நாட்டாரே. புயல்ல போச்சு, கட்டினாங்க. சுனாமியில போச்சு, கட்டினாங்க. இவரோட அத்தை கழுவெளித் தண்ணி நடுவுல கட்டுமரத்துல பொறந்தவங்க. ரோடு இல்ல, ராஜா இல்ல, யாரும் வந்து எட்டிப் பார்க்கல, தாங்களே பண்ணிகிட்டாங்க. இவ்ளோவும் இவரு என்கிட்ட சொன்னாரு. இதை எழுதியிருந்தா அது வரலாறு. எனக்குப் பொண்ணு கல்யாணம்தான் முக்கியமா இருந்துச்சு. மச்சான் மனசு இளகணும்னு எழுதினேன்."

நாட்டார் என் பக்கம் திரும்பினாரு. "எங்க ஊரா இருந்தா இதுக்கு அபராதம் போட்டிருப்பேன்"னாரு. "இது உங்க ஊரு. விட்டுட்டேன்." அப்புறம் வீராசாமி தோள்ல கையை வச்சு, "காலையில படகைத் தள்ளுவோம்"னாரு. வீராசாமி தலையை மட்டும் ஆட்டினாரு. அவரு கண்ணு அவரு பையன் மேலேயே இருந்துச்சு.

மச்சான் என் கிட்ட வந்தாரு. "அந்தக் கல்லு?"ன்னு கேட்டாரு. ரொம்பச் சின்னக் குரல். அதைக் கேட்டப்பதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

"தெரியாது மச்சான். மூஞ்சி தேஞ்சு போச்சு. அம்மிக்கல்லா கூட இருக்கலாம்."

மச்சான் குனிஞ்சு வெத்தலை பாக்குத் தட்டை எடுத்துகிட்டாரு. வந்தவங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாரு, குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டுப் போங்க. மத்தபடி இது சரி வராது"ன்னாரு. அப்புறம் தங்கச்சிகிட்ட திரும்பி, "ரத்னம், நான் கிளம்பறேன். இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது, இன்னா?"ன்னு கேட்டாரு. அவரு கேள்வி கேக்கற மாதிரி சொன்னா அது உத்தரவு. நாப்பத்தஞ்சு வருஷமா ரத்னம் அதுக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கா, சரிங்கண்ணா.

ரத்னம் சாம்பார் வாளியும் கரண்டியுமா நின்னுகிட்டு இருந்தா.

"அண்ணா"ன்னா. "அவரு கரையை விடறேன்னாரு. நம்ம வீட்டுப் பொண்ணுக்காக. இவரு தன் பேரைக் கெடுத்துகிட்டாரு. நீ இன்னா விடறே?"

மச்சான் தட்டைக் கையில பிடிச்சுகிட்டே வாசலுக்குப் போனாரு. ரத்னம் அவரு போறதை ஒரு தடவை பார்த்தா. அந்தப் பார்வையில ஒரு ஏழு வயசுப் பொண்ணு நின்னா. பின்னாலேயே ஓடிடுவாளோன்னு நினைச்சேன். ஓடல. வாளியைக் கீழே வச்சுட்டு, ஆண்டாளம்மா கையைப் பிடிச்சு இலை முன்னாடி கூட்டிட்டு வந்தா.

"உக்காருங்க சம்பந்தி"ன்னா. "பொழுது போறதுக்குள்ள சாப்பிடணும்."

பிரம்மி அடுப்பங்கரைக்குள்ள போய் சுவத்துப் பக்கம் திரும்பிகிட்டா. அவ தோளு குலுங்குச்சு. வீராசாமி உக்காந்தாரு, நாட்டார் உக்காந்தாரு, எல்லாரும் உக்காந்தாங்க. நான் எங்க நிக்கறதுன்னு தெரியாம நடுக்கூடத்துல நின்னேன். வாசல்ல மச்சான் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டுச்சு. ரத்னம் அந்தப் பக்கம் திரும்பாம, கண்ணை மட்டும் துடைச்சுகிட்டு, எனக்கும் ஒரு இலை போட்டா.